மென்பொருள் வெள்ளோட்டமும் அதன் எல்லையும்

புதிதாகச் செய்த தேரை விழா நாளுக்கு முன்னர் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதனை வெள்ளோட்டம் என்பது தமிழ் வழக்கு. மரக்கலத்திற்கும் இச்சொல் வழங்கும். அச்சு இறுகியுள்ளதா, சக்கரம் தடையின்றி உருள்கின்றதா, தெருமுனையில் தேர் திரும்புமா என்பனவற்றை அன்றே அறிந்துகொள்வர். கணிப்பொறி மென்பொருளை விலைக்கு வாங்குமுன் சில நாள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்க அதனை ஆக்கியோர் இடந்தரும் முறை இன்று உலகெங்கும் உண்டு. இதனைச் 'சோதனைக் காலம்' என்று பலர் எழுதுகின்றனர். சோதனை என்னுஞ் சொல் துன்பம் என்ற பொருளையும் தரும். சிற்சில இடங்களில் அப்பொருளே மிகப் பொருந்துவதாயினும், வெள்ளோட்டம் என்ற பழஞ்சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றேன்.

வெள்ளோட்டத்திற்கு எல்லை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த அளவையால் எல்லை வகுப்பது என்பதே வினா. நம் இலக்கணத்தார் அளவையாகுபெயர் கூறுமிடத்து எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகை அளவை கொள்வர். எப்பொருளை எதனால் அளப்பது என்பது அப்பொருளின் இயல்பைப் பொறுத்தது; எண்ணெயை முழக்கோலால் அளப்பார் இலர். மென்பொருள் ஆக்குநருட் பெரும்பாலார் வெள்ளோட்டத்தை நாட்காட்டி கொண்டு அளக்கின்றனர். இவ்வளவை பொருளோடு பொருந்தாது என்பது என் கருத்து. அதனினும் முதன்மையான கருத்து ஒன்று உண்டு: எல்லை முடிந்த பின்னர், பயனர் தம் உழைப்பால் ஆக்கியது அவர் கைக்கு எட்டாதவாறு பூட்டப்படலாகாது.

தமிழ்த்துறையினர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். சுவடியைப் படமெடுத்தல், படத்திலுள்ள எழுத்தை உணர்தல், சொல்லடைவு தொகுத்தல், ஆய்வேடு அமைத்தல் ஆகிய பணிகள் இன்று பெரும்பாலும் மென்பொருள் வழியே நிகழ்கின்றன. விலை கொடுத்து வாங்கும் நிலையில் இல்லாத ஆய்வு மாணவர் வெள்ளோட்டப் படியிலேயே பணியைத் தொடங்கிவிடுகின்றனர். அதனால் விளைந்த இடர் ஒன்றை யான் நேரிற் கண்டேன்.

சில ஆண்டுகட்கு முன் என் மேற்பார்வையில் ஆய்வு செய்த மாணவி ஒருவர் தலபுராணம் ஒன்றிற்குச் சொல்லடைவு ஆக்கத் தொடங்கினார். அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் பகுப்பாய்வு மென்பொருளை 30 நாள் வெள்ளோட்டமாக நிறுவிக்கொண்டார். முதல் வாரம் அதனைக் கற்பதிற் கழிந்தது. அடுத்த வாரம் பாடல்களை உள்ளிட்டு, வேற்றுமையுருபையும் சாரியையையும் பிரித்துக் குறியிடத் தொடங்கினார். அப்பொழுது பருவத் தேர்வு வந்தது. தேர்வுக்கூடக் கண்காணிப்பும் அதனை அடுத்து விடைத்தாள் கட்டும் பணியுமாகப் பதினாறு நாட்கள் சென்றன. திரும்பி வந்து கணிப்பொறியைத் திறந்த அன்று முப்பத்திரண்டாம் நாள். பணஞ்செலுத்துக என்னும் சாளரம் ஒன்றே திரையில் தோன்றியது. கேட்ட விலை அவர் பெறும் உதவித்தொகையில் இரண்டு திங்கள் தொகையினும் மிகுதி. அவர் குறியிட்ட பாடல்கள் அனைத்தும் அம்மென்பொருள் ஒன்றே திறக்கவல்ல கோப்பினுள் இருந்தன. நிறுவனத்திற்கு மடல் எழுதினோம். விடை பண்பாகவே வந்தது: உரிமம் பெற்றால் கோப்பு திறக்கும் என்றனர்.

அவர்கள் ஏமாற்றினர் என்று யான் கூறவில்லை. 30 நாள் என்று முன்னரே எழுதியிருந்தனர், நாங்கள்தாம் ஒப்புக்கொண்டோம். ஆயினும் அம்முப்பது நாளில் அம்மாணவி அதனைக் கையாண்டது பதினான்கு நாளே. பாடல்கள் புலவருடையவை, பிரிப்பும் குறியும் மாணவியுடையவை. மென்பொருள் நிறுவனத்திற்கு உரியது கருவி ஒன்றே. தச்சனிடம் உளியை இரவல் வாங்கியவன் திருப்பித் தர வேண்டுவது உளியைத்தான்; செதுக்கிய சிற்பத்தையும் உளியோடு பெட்டியில் வைத்துப் பூட்டுதல் எவ்வகை நீதி?

இவ்வகைப் பூட்டு தமிழுலகிற்குப் புதியதன்று. ஒருங்குறி பரவுமுன், எழுத்துரு ஆக்கிய நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு முறை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆய்வேடு மற்றொரு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளின் குவியலாயிற்று. சென்னையில் 1999-இல் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டினை ஒட்டி டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்டதும், 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதும் அக்குழப்பத்தைத் தீர்க்க எடுத்த முயற்சிகளே. அக்காலத்து ஆய்வேட்டுக் குறுவட்டுகளைத் திறக்க முயன்றவர் இக்கட்டுரையின் கவலையை எளிதில் உணர்வர்.

இனி இம்முறையின் தோற்றத்தைக் காண்போம். வியப்பிற்குரிய செய்தி யாதெனின், தொடக்கத்தில் வெள்ளோட்டத்திற்குப் பூட்டே இருந்ததில்லை. 1982-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் பிசி-டாக் என்னும் செய்தித் தொடர்பு மென்பொருளை ஆக்கினார். வேண்டுவோர் அதனைப் படியெடுத்துக்கொள்ளலாம், பிறர்க்கும் தரலாம். பயனுடையதாகத் தோன்றினால் 25 டாலர் அனுப்புக என்று கேட்டுக்கொண்டார். அதே காலத்தில் ஜிம் நாஃப் என்பவரும் தம் பிசி-ஃபைல் என்னும் தரவு மென்பொருளை இவ்வாறே பரப்பினார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே இவ்வழியைத் தொடங்கிப் பின்னர்த் தொடர்பு கொண்டனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தொடக்கக் கால ஊழியருள் ஒருவராகிய பாப் வாலஸ் 1983-இல் அதனின்று விலகிப் பிசி-ரைட் என்னும் எழுத்தாக்க மென்பொருளை வெளியிட்டார். பதிவுக் கட்டணம் 75 டாலர். பதிவு செய்தவர் தம் படியைப் பிறர்க்குத் தர, அப்பிறரும் பதிவு செய்வாராயின், முன்னவர்க்கு 25 டாலர் திரும்பக் கிடைக்கும். 'ஷேர்வேர்' என்னும் பெயர் நிலைபெற்றதில் வாலஸுக்குப் பெரும் பங்குண்டு. பகிர்மென்பொருள் என்று அதனை நாம் கூறலாம்.

இம்மூவரும் நம்பிக்கையை எல்லையாக வைத்தனர். பின்வந்தோர் பகுதியை எல்லையாக வைத்தனர். 1993 திசம்பரில் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டு மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதியை யாவரும் விலையின்றிப் பெறலாம், ஏனைய இரண்டிற்கும் விலை உண்டு. விளையாட்டிற்கு இஃது ஏற்ற அளவையே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே பொருந்தும். முதற்பகுதி சுவைத்தவர்க்கு ஏனையவற்றின் சுவை தெரிந்துவிடும். ஆனால் எல்லா மென்பொருளும் சோற்றுப் பானை அல்ல. ஆயிரம் சொல்லுக்கு மேல் ஏற்காத சொல்லடைவு மென்பொருளை வெள்ளோட்டத்திற்குத் தந்தால் அதனால் அறியப்படுவது ஒன்றுமில்லை. ஓராயிரம் சொல்லை எம்மென்பொருளும் தாங்கும். ஓர் இலக்கம் சொல்லைத் தாங்குமா என்பதன்றோ ஆய்வாளன் அறிய வேண்டுவது? கோப்பினைச் சேமிக்க இயலாதவாறு தடுத்துத் தரும் வெள்ளோட்டமும் இத்தன்மைத்தே. மாலையில் அணைத்தால் காலையில் ஒன்றுமில்லை என்னும் கருவியில் எவரும் உண்மைப் பணியைச் செய்து பார்க்கமாட்டார்.

ஆதலின் முழு ஆற்றலோடு, காலம் மட்டும் குறுக்கித் தருதல் பொதுவாக நன்று. ஆனால் அக்காலத்தை நாட்காட்டி நாளாகக் கொள்வதிலேதான் பிழை நுழைகின்றது. நிறுவிய நாள் முதல் முப்பது நாள் என்னும்பொழுது, திறவாத நாளும் கணக்கில் ஏறிவிடுகின்றது. நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பவர்க்கும், வார இறுதியில் மட்டும் அமர்பவர்க்கும் ஒரே அளவு தந்ததாகத் தோன்றும். முன்னவர் முப்பது நாள் பெறுகின்றார். பின்னவர் பெறுவது எட்டு முதல் பத்து நாள்தான். வகுப்பும் தேர்வும் திருத்தலுமாக இடையறுந்து இடையறுந்து பணி செய்யும் கல்லூரி ஆசிரியரே இவ்வளவையால் மிகுதியும் இழப்பவர்.

கணிப்பொறிக் கூடத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. வெள்ளோட்டத்தின் கணக்கு பலவிடங்களிற் பொறியைச் சார்ந்தது, ஆளைச் சார்ந்ததன்று. துறைக்குப் பொதுவான பொறியில் ஆவல் மிக்க மாணவர் ஒருவர் ஜூன் திங்களில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சென்றால், ஆகத்திங்களில் வகுப்பிற்கு வேண்டும்பொழுது காலம் முடிந்ததென மென்பொருள் கூறும். நாற்பது மாணவர் பயிலும் பொறிக்கு ஒருவர் தொட்டதே முழுக்கணக்காகிவிடுகின்றது.

பொறியின் கடிகாரத்தையும் இங்கே கருத வேண்டும். முதன்முறை திறந்த நாளை மென்பொருள் பொறியினுள் மறைவிடத்தில் எழுதி வைக்கும். பயனர் சிலர் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பிக் காலத்தை நீட்ட முயல்வர். அதனைத் தடுக்க, இறுதியாகத் திறந்த நேரத்தையும் குறித்து வைத்து, இற்றை நேரம் அதற்கு முற்பட்டதாகக் காணப்படின் ஏமாற்று நிகழ்ந்ததெனக் கொண்டு மென்பொருள் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பழைய பொறிகளில் கடிகாரத்தைக் காக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்பொழுதெல்லாம் பொறி பல்லாண்டு பின்னே சென்றுவிடும். நம் கல்லூரிகளில் அத்தகைய பொறிகள் உண்டென்பதை யாவரும் அறிவர். மின்கலம் தீர்ந்த குற்றத்திற்காக நேர்மையான பயனர் கள்வராகக் கருதப்படுகின்றார். திருடுபவரோ இவ்வளவையைப் பற்றிக் கவலை கொள்வதே இல்லை. பூட்டு உடைத்த படியை அவர் வேறிடத்திற் பெற்றுக்கொள்கின்றார். கடுமை முழுவதும் விலை கொடுக்கக் கூடியவர் மேலேயே விழுகின்றது.

இதற்கு மாற்று வழி முன்னரே நடைமுறையில் உள்ளது. நெடிய நூல் எழுதுவோர்க்கென ஆக்கப்பட்ட ஸ்க்ரிவ்னர் என்னும் மென்பொருள் 30 நாள் வெள்ளோட்டம் தருகின்றது. அந்நாள் நாட்காட்டி நாள் அன்று. மென்பொருளைத் திறந்து பணி செய்த நாள். நாள்தோறும் திறப்பவர்க்கு அஃது ஒரு திங்களில் முடியும். வாரத்திற்கு இரண்டு நாள் திறப்பவர்க்குப் பதினைந்து வாரம் வரும். என் மாணவிக்கு இம்முறை கிடைத்திருக்குமாயின், தேர்வு முடிந்து வந்த பின்னும் பதினாறு நாள் எஞ்சியிருக்கும். அம்மென்பொருளில் எழுதிய பகுதிகள் ஆர்டிஎஃப் என்னும் பொது வடிவில் சேமிக்கப்படுவதும் குறிப்பிடத்தக்கது. பிற எழுத்தாக்க மென்பொருள்களும் அவற்றைத் திறக்கும். நாளெண்ணிக்கையினும் இதனையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

பயன்படுத்திய நாள் என்னும் அளவையால் ஆக்குநர்க்கும் இழப்பில்லை. தொடர்ந்து பயன்படுத்துபவர், அதாவது வாங்கக் கூடியவர், விரைந்து எல்லையை அடைகின்றார். அடையாதவர் இன்னும் முடிவு செய்யாதவரே. அவரை வெளியே தள்ளுவதனால் ஒரு காசும் வாராது.

இனி எல்லை முடிந்த பின் நிகழ்வதனை நோக்குவோம். இதில் ஆக்குநர் பலவாறு வேறுபடுகின்றனர். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வின்ரார் 40 நாள் வெள்ளோட்டம் தருகின்றது. நாற்பது நாள் கடந்தால் உரிமம் பெறுக என நினைவூட்டுமேயன்றிப் பணியை நிறுத்தாது. இசைப்பதிவிற்குரிய ரீப்பர் 60 நாள் தந்து, அதன் பின்னரும் நினைவூட்டலோடு தொடர்ந்து இயங்குகின்றது. பிபிஎடிட் என்னும் உரைத் தொகுப்பு மென்பொருள் 30 நாள் முழு ஆற்றலையும் காட்டி, பின்னர்ச் சில சிறப்புகளை மட்டும் மறைத்துக்கொண்டு, அடிப்படைப் பணிகளை விலையின்றியே தொடர விடுகின்றது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் காலம் முடிந்தபின் புதிதாக எழுதவோ திருத்தவோ விடாது. ஆனால் முன் எழுதியதைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம். அதே நிறுவனத்தின் விண்டோஸ் மதிப்பீட்டுப் படியோ 90 நாள் முடிந்த பின்னர் மணிக்கொருமுறை பொறியையே அணைத்துவிடும். அது பெருநிறுவனப் பொறியியலார் சோதித்தற்கென்றே தரப்படுவது. ஆதலின் அக்கடுமையைப் பிழை என யான் கூறத் துணியேன்.

நினைவூட்டலோடு நிற்கும் பெருந்தன்மையை எல்லாரிடமும் எதிர்பார்த்தல் இயலாது. ஆஃபீஸின் வழியே குறைந்த அளவு எல்லாரும் மேற்கொள்ளத்தக்கது என்பேன். அதனோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: படிக்கவும் அச்சிடவும் மட்டுமன்றி, பொது வடிவில் வெளியே எடுத்துச் செல்லவும் இடந்தர வேண்டும். வெறும் உரையாகவோ அட்டவணையாகவோ தந்தால் போதும். அழகான அமைப்பும் விளைவுப் படங்களும் உரிமம் பெற்றவர்க்கே ஆகுக.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். வெளியே எடுத்துச் செல்ல என்றும் வழியிருந்தால், ஒருவர் வெள்ளோட்டத்திலேயே தம் பணி முழுவதையும் முடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாரன்றோ? இத்தடை வலியுடையது. பழைய எழுத்துருவிலுள்ள ஓர் ஆய்வேட்டை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கின்றதெனக் கொள்வோம். அதனை வாழ்நாளில் ஒருமுறை பயன்படுத்தினால் போதும். அதற்கு முப்பது பணிநாள் தருவது விலையின்றியே தந்ததாகும். இத்தகைய மென்பொருளுக்குக் காலத்தை அளவையாகக் கொள்ளலாகாது. பத்துப் பக்கம் அல்லது இருபது பக்கம் என எண்ணலளவையே முறை. பத்துப் பக்கத்தைச் செவ்வனே மாற்றியது இருநூறு பக்கத்தையும் மாற்றும். அங்கே சோற்றுப் பதம் மீண்டும் பொருந்துகின்றது. எழுத்துணரி மென்பொருளுக்கும் இதுவே தக்கது. தமிழிற் சிறு மென்பொருள் ஆக்கும் தனியாளர் பலர் இவ்வகையினர். அவர்தம் பிழைப்பைக் கருதாது எல்லாவற்றையும் தாராளமாகத் தருக என்று எழுதுதல் எளிது, நேர்மையன்று. ஆனால் சொல்லடைவு, குறிப்பேடு, நூலாக்கம் போன்று நாளுக்கு நாள் வளரும் பணிக்குரிய கருவிகளில் இத்தடை நில்லாது. ஒரு தலபுராணத்தின் சொல்லடைவு முப்பது பணிநாளில் முற்றுப்பெறுவதில்லை.

கட்டணமில்லாத கருவிகளே உள்ளனவே, அவற்றைக் கொண்டால் இவ்விடர் இல்லையே என்பாரும் உளர். உண்மையே. யப்பான் நாட்டு வாசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆந்தணி ஆக்கிய ஆண்ட்கான்க் விலையின்றிக் கிடைப்பது. ஒருங்குறித் தமிழையும் ஏற்பது. சொல் வரும் இடங்களைத் திரட்டுதற்கு அது போதும். ஆயினும் சொல்லைப் பிரித்துப் பலபடிக் குறியிட்டு, குறிகளைத் தம்முள் உறழ்ந்து நோக்கும் பணிக்கு விலைக்குரிய மென்பொருள்களையே பலர் நாடுகின்றனர். அவற்றை வாங்கலாமா என்று அறிதற்குத்தான் வெள்ளோட்டம்.

பணம் பற்றி ஒன்று கூறி முடிக்கின்றேன். வெள்ளோட்டம் தொடங்குமுன்னரே கடனட்டை எண்ணைப் பெற்றுக்கொண்டு, காலம் முடிந்த அன்று கேளாமலே கட்டணத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. இந்திய நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த நெறிமுறைகளில், பயனரை மயக்கும் பதின்மூன்று உத்திகள் விலக்கப்பட்டன. சந்தாப் பொறி என்பது அவற்றுள் ஒன்று. விலையில்லாச் சந்தாவிற்காகப் பயனரின் கட்டண விவரத்தையோ தானாகப் பணம் எடுக்கும் இசைவையோ கட்டாயமாகக் கேட்பதும் அப்பொறியின்கண் அடங்கும் என அந்நெறிமுறை கூறுகின்றது. தொடர்கட்டணம் எடுக்குமுன் 24 மணி நேரத்திற்கு முன்னரே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆக, பணத்தைப் பொறுத்தவரை பயனர்க்கு ஓரளவு காப்பு உண்டு. அவர் ஆக்கிய பணிக்கு அத்தகைய காப்பு இந்நெறிமுறைகளில் இல்லை. வெள்ளோட்டம் முடிந்த கோப்பு பூட்டப்படுவதனை மயக்கும் உத்தியாக எவரும் கருதவில்லை. முன்னரே அறிவித்திருப்பின் அஃது ஒப்பந்தமே என்று விட்டுவிடுகின்றனர். ஐம்பது ரூபாய் கேளாமல் எடுக்கப்பட்டால் முறையிட இடமுண்டு, இரு வார உழைப்பு எடுத்துவைக்கப்பட்டால் இடமில்லை என்னும் நிலை எனக்கு விளங்கவில்லை.

அம்மாணவியிடம் திரையைப் படமெடுத்து வைத்த சில பக்கங்கள் இருந்தன. அவற்றையும் கைக்குறிப்பேட்டையும் கொண்டு மறுபடியும் முதற்பாடலிலிருந்து தொடங்கினார். இம்முறை வெறும் அட்டவணைக் கோப்பில். முதன்முறை பிரித்த சில இடங்களை இரண்டாம் முறை வேறாகப் பிரித்ததனால் சொல்லடைவு செப்பமுற்றது என்று அவர் கூறினார். யான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஆய்வேடு மூன்று திங்கள் தாழ்ந்து அளிக்கப்பட்டது. எங்கள் கணிப்பொறிக் கூடத்தில் இப்பொழுது ஒவ்வொரு பொறியருகிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. நிறுவிய மென்பொருளின் பெயர், திறந்த நாள், எல்லை எவ்வளவையால் கணக்கிடப்படுகின்றது, கோப்பினை வேறு வடிவில் எடுக்க வழி உண்டா என நான்கு கட்டங்கள் அதில் உள. நான்காம் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டியிருந்தால், அம்மென்பொருளில் மாதிரிப் பாடல்களை மட்டும் இட்டுப் பார்க்குமாறு மாணவரிடம் சொல்லி வருகின்றோம்.